ஊட்டிவிடப் போனவள்

என் வீட்டுக்காரி உட்கார்ந்து சாப்பிட்டதை எங்கள் கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதுவும் போட்டோக்காரர் அதட்டியதால். அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக, தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்தபடியேதான் சாப்பிடுகிறாள். நான் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். எவ்வளவோ பெரிய இஞ்சினையெல்லாம் நிறுத்தியிருக்கிறேன், இவளை நிறுத்த மட்டும் எனக்குக் கை வரவில்லை. கொஞ்சம் உட்காரேன்டி, பார்க்கிற எனக்கே மூச்சு வாங்குகிறது என்றால், நான் உட்கார்ந்தால் உங்கள் சட்டை தானாகத் துவைத்துக்கொள்ளுமா என்பாள். பதில் சொல்வதற்குள் அடுத்த அறையில் ஏதாவது உருளும் சத்தம் கேட்கும்.

அவளுக்கு வேலை ஒரு குழந்தைகள் காப்பகத்தில். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு ஆயா. மத்தியானம் பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வைத்து, மசித்த சோற்றுக் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து ஆரம்பிப்பாள். வாயைத் திற, வாயைத் திற என்று ராகம் போட்டுக்கொண்டே போவாள். கடைசிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது முதல் பிள்ளை விழுங்கி முடித்திருக்கும். எந்தப் பிள்ளையாவது தானே கரண்டியைப் பிடிக்கப் பார்த்தால், அதன் விரலைப் பூப்போல விலக்கிக் கரண்டியை வாங்கிவிடுவாள். சிந்தினால் தரையைத் துடைக்க வேண்டும், துடைக்கிற நேரத்தில் நாலு பிள்ளை சாப்பிட்டுவிடும் என்பது அவள் கணக்கு. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் பெருமை வேறு.

எங்கள் சபையின் போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊழியப் பயணம் பற்றி அறிவித்தார். கடல் கடந்த ஒரு நாட்டில் நமக்குத் தெரிந்த சபையார் முதியோர் இல்லம் நடத்துகிறார்கள், ஆள் போதவில்லை, ஒரு மாதம் போய்ப் பணிவிடை செய்ய மனமுள்ளவர்கள் கையை உயர்த்தலாம் என்றார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இவள் கை மேலே போய்விட்டது. பக்கத்தில் பார்த்தால் என் கையும் மேலே இருக்கிறது. பிடித்துத் தூக்கியிருக்கிறாள். சபையே திரும்பிப் பார்த்து ஆமென் சொன்ன பிறகு கையை இறக்கினால் நன்றாகவா இருக்கும்? விமானத்தில் ஏறியும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாடு முடிந்ததும் எழுந்து, முன்வரிசை பின்வரிசைக்காரர்களின் காலித் தட்டுகளை வாங்கி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பணிப்பெண் வந்து கெஞ்சி உட்கார வைத்தாள். நான் போர்வையை முகத்துக்கு இழுத்து, இந்தப் பெண்மணி யாரோ என்பது போலப் படுத்துக்கொண்டேன்.

இல்லம் ஒரு சாலையின் இரண்டு பக்கமும் இருந்தது. இந்தப் பக்கம் முன்கட்டடம். நடந்தோ சக்கர நாற்காலியிலோ தானே நடமாடி, தானே சாப்பிடுகிற முதியவர்கள் அங்கே. எதிர்ப்பக்கம் ஒரு மேடு ஏறிப் போனால் பின்கட்டடம், எதற்கும் ஒரு ஆள் வேண்டியவர்களுக்கு. இல்லத்தின் பொறுப்பாளராக ஒரு சிஸ்டர் இருந்தார். அவருடைய பாட்டன் காலத்திலேயே அங்கே குடியேறிய குடும்பம், ஆனால் நம் மொழி பேசுவார். நாங்கள் போய் இறங்கிய நேரம் அவர் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போயிருந்தார். மற்ற பணியாளர்கள் பேசுவது எங்களுக்குப் புரியாது, நாங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாது. போதகர் அரைகுறையாக ஏதோ பேசி வேலையைப் பிரித்துக் கொடுத்தார். எனக்குச் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்க்கிற வேலை. அவளுக்கு முன்கட்டடத்துச் சாப்பாட்டு அறை.

நீளமான மேஜைகள், ரப்பர் விரிப்பு, சுவரோரம் ஒரு எஃகுத் தள்ளுவண்டி. ஜன்னலோர மேஜையில் ஒரு தம்பதி எப்போதும் எதிரெதிரே உட்காருவார்கள். அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஆள் கதவு மாதிரி அகலம். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கி, அந்தக் கையிலேயே கொடுத்திருந்தார்கள். கிண்ணம் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. அவர் கரண்டியைச் சூப்பில் இறக்கி, தூக்கி, நடுங்கி, பாதியைக் கழுத்துத் துண்டில் கொட்டி, மீதியை வாயில் சேர்ப்பதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்து போய்விடுவார்கள். எதிரே அவர் மனைவி தன் சாப்பாட்டை முடித்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வாய் ஊட்டமாட்டார். விழுந்ததை எடுக்கமாட்டார்.

இது என் வீட்டுக்காரி கண்ணில் பட்டால் என்ன ஆகும்? முதல் நாளே போய், அந்தப் பெரியவரின் விரல்களைப் பூப்போல விலக்கிக் கரண்டியை வாங்கிவிட்டாள். அவர் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஏதோ சொன்னார், எழுந்து நின்றுகூடச் சொன்னார். இவளுக்கு என்ன புரிந்தது? பாவம், முடியாத அம்மா நன்றி சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு, நீங்கள் உட்காருங்கள் அம்மா என்று தோளைத் தட்டி உட்கார வைத்தாள். பெரியவர் வாயைத் திறந்தார். கிண்ணம் காலியானது. அடுத்த மேஜைக்கு ஓடினாள்.

நாலு நாளில் அந்தச் சாப்பாட்டு அறையே அவள் கைக்குள் வந்துவிட்டது. மணிக்கணக்கில் இழுத்த சாப்பாடு சீக்கிரம் முடிந்து, சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர்கள் இவளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். போதகர் படம் எடுத்துச் சபைக்கு அனுப்பினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? மாலையில் எங்களுக்குக் கொடுத்த அறையில் அவள் துணி மடித்துக்கொண்டே அந்த லாரிக்காரர் மனைவியைத் திட்டுவாள். கல்நெஞ்சக்காரி, கட்டின புருஷன் தவிக்கிறான், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், எந்தக் காலத்துப் பகையோ என்பாள். ஆமாம் ஆமாம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று நானும் ஒத்து ஊதினேன்.

இரண்டு வாரம் போயிருக்கும், சிஸ்டர் திரும்பி வந்தார். நேரே சாப்பாட்டு அறைக்கு வந்தார். நான் அப்போது தள்ளுவண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு அங்கேதான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரையும் விசாரித்துக்கொண்டே வந்தவர் ஜன்னலோர மேஜைக்கு முன்னால் நின்றுவிட்டார். கிண்ணம் நிறையச் சூப் இருந்தது. கரண்டி பக்கத்தில் இருந்தது. பெரியவர் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி என் வீட்டுக்காரி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அது வழுக்கி விழுந்தது. மறுபடி கொடுத்தார். மறுபடி விழுந்தது.

சிஸ்டர் கத்தவில்லை. அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

"அக்கா, நீங்க நல்ல மனசோடதான் செஞ்சீங்க. ஆனா அந்தக் கைக்கு நாங்க மாசக்கணக்காப் பழக்கினோம். முக்கால்வாசி வந்துருச்சு. மாசக் கடைசியில டாக்டர் வருவாரு. தானா சாப்பிடலைன்னா அவரை எதிர்ப்பக்கம் மாத்திருவாங்க."

மாற்றினால் என்ன என்று நான்தான் கேட்டேன். மாற்றினால் அவர் மட்டும்தான் போவார் என்றார் சிஸ்டர். அந்த அம்மா சமதரையில் நடக்கிறார், தானே சாப்பிடுகிறார், அங்கே ஆள் உதவி வேண்டியவர்களுக்குத்தான் படுக்கை. மேட்டில் ஏற அவருக்கு முழங்கால் இடம் கொடுக்காது. வாரம் ஒருநாள் வண்டியில் கூட்டிப்போய்க் காட்டலாம், அவ்வளவுதான் முடியும். கல்யாணமான நாளிலிருந்து லாரி வெளியூர் போன ராத்திரிகளைத் தவிர அவர்கள் பிரிந்து தூங்கியதில்லையாம். ஊட்டிவிட்டால் இந்தக் கை வராது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அந்த அம்மா தன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாராம். முதல் மாதம் தினமும் சாப்பாடு முடிந்ததும் குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வருவாராம்.

என் வீட்டுக்காரி முகம் சுண்டிப் போய்விட்டது. அறைக்குப் போனதும் அவள் மடித்த துணியையெல்லாம் உதறி மறுபடி மடித்தாள். பிறகு முழங்கால் போட்டு, ஆண்டவரே என் கையை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டாள். ஏடாகூடமாகக் கேட்டுத் தொலைக்காதே, அவர் எடுத்துக்கொண்டால் சமையல் யார் செய்வது என்று அதட்டினேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னேன்.

மறுநாளிலிருந்து சிஸ்டர் அவளைத் துணி துவைக்கிற இடத்துக்கு மாற்றினார். இவள் கேட்கவில்லை. நான் கெடுத்ததை நான்தான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக ஜன்னலோர மேஜையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சுலபமாக எழுதிவிட்டேன். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தாள். பெரியவர் கரண்டியைப் பிடிப்பார், அது சாயும், இவள் தோள் துள்ளும். சூப் சிந்தும், இவள் கால் மேஜைக்கு அடியில் தாளம் போடும். ஒரு தடவை தாங்காமல் கை வெளியே வந்து கரண்டியை நோக்கிப் போயே போய்விட்டது. அந்த அம்மா இவள் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பும் தோலுமான கைதான், ஆனால் இரும்புப் பிடி. பிடித்த கையை விடாமல் மேஜை மேலேயே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பாடு முடிகிற வரை அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார். அது தண்டனையா ஆறுதலா என்று இவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்தக் கொஞ்ச நாட்கள் அவளோடு ஒரே அறையில் இருந்தது எனக்குத்தான் தெரியும். அடைத்துவைத்த பூனை மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கழுவிய டம்ளரைக் கழுவினாள். என் சட்டைப் பட்டன்கள் எல்லாவற்றையும் பிய்த்துத் திரும்பத் தைத்தாள். என்மேல் எரிந்து விழுந்தாள், நீங்களாவது அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய் என்று நானும் எகிறினேன். பக்கத்து அறைப் போதகர் சுவரைத் தட்டினார். அவரும் ஆடிப்போய்த்தான் இருந்தார், அனுப்பிய படங்களைத் திரும்ப வாங்க முடியுமா என்ன?

நான் என் பங்குக்குப் பெரியவரை நாற்காலியோடு என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, சக்கரத் திருகாணிகளை அவர் கையில் கொடுத்துத் திருகச் சொன்னேன். பெரிய திருகாணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும். விரல் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது. கடைசி வாரம் அவர் கிண்ணத்தில் பாதியைத் தானே சாப்பிட்டார். என் வீட்டுக்காரி அன்று சமையலறைக்குள் ஓடி, அங்கிருந்த குண்டு சமையல்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டாள். பாதி போதாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் வந்துவிடும் என்று சிஸ்டரே சொன்னார்.

ஒரு வாரம் கிடைக்கவில்லை. டாக்டர் சொன்ன நாளில் வந்தார். கெட்டவர் இல்லை, களைத்த மனுஷன். பக்கத்தில் ஆள் இல்லாமல் சாப்பிட்ட ஒருவர் தொண்டையில் சோறு அடைத்து இறந்துபோனது முன்கட்டடத்தில் அவர் காலத்திலேயே நடந்திருக்கிறது, அதனால் விதியை விடமாட்டார். யாரும் உதவக் கூடாது, முழுச் சாப்பாட்டையும் தானே சாப்பிட வேண்டும் என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜைக் கோடியில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். என் வீட்டுக்காரி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

பெரியவர் நன்றாக ஆரம்பித்தார். முதல் வாய் சிந்தாமல் போனது. அடுத்ததும் போனது. மசித்த காய் வந்தபோது கை சோர்ந்தது. கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் தட்டித் தட்டி நின்றது. அவர் மூச்சை இழுத்து மறுபடி தூக்கினார். பாதி வழியில் கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. சிஸ்டர் வேறு கரண்டி வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. தலையை மெல்லத் திருப்பி, அறை முழுக்கத் தேடி, சுவரோரம் என் வீட்டுக்காரியைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து அவளைப் பார்த்து வாயைத் திறந்தார்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. டாக்டர் பெருமூச்சு விட்டு எழுந்தார். சிஸ்டரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். எதிர்ப்பக்கம் என்பதை அவர் கை காட்டிய திசையிலேயே புரிந்துகொண்டோம்.

அப்போதுதான் அது நடந்தது. அந்த அம்மா தன் கிண்ணத்தில் பாதி சாப்பிட்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்தார். கிண்ணத்தைத் தன்னிடமிருந்து விலக்கித் தள்ளினார். இரண்டு கையையும் பக்கவாட்டில் தொங்கவிட்டார். பிறகு என் வீட்டுக்காரி பக்கம் திரும்பி, அவரும் வாயைத் திறந்தார்.

இவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள். அந்த அம்மா வாயை மூடவே இல்லை. பல் இல்லாத ஈறு தெரிய, எல்லோருக்கும் முன்னால், குழந்தை மாதிரித் திறந்தபடி காத்திருந்தார். வைராக்கியமாகத் தன் கையைக் கட்டிவைத்திருந்த மனுஷி. என் வீட்டுக்காரி சுவரை விட்டு வந்தாள். கரண்டியை எடுத்தாள். கொஞ்சமாக அள்ளி, ஊதி, உதட்டருகே கொண்டுபோய், அவர் வாங்கிக்கொள்ளும் வரை நின்று, விழுங்கும் வரை நின்று, அடுத்த வாய் அள்ளினாள். அவள் யாருக்கும் அப்படி ஊட்டி நான் பார்த்ததில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கை இல்லை.

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். இந்த அம்மாவுக்கு எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாராம். சிஸ்டர் பொய் சொல்லாதவர். தன் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு, அமைதியாகப் பதில் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு அவரிடம் கேட்டேன்.

"இன்னைக்கு மத்தியானத்துல இருந்துன்னு சொன்னேன். நிஜம்தானே."

டாக்டர் கொஞ்ச நேரம் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பின்கட்டடத்தில் இரண்டு படுக்கை ஒன்றாக இருக்கிற அறை காலியா என்று கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் அவர்களை மாற்றினோம். நான் அவரைத் தள்ளினேன், அவள் அந்த அம்மாவைத் தள்ளினாள். அதற்கு முந்தின நாள்வரை தோட்டம் முழுக்க நடந்த அம்மா, மேடு முழுவதும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து வந்தார். அறையில் படுக்கைகளுக்கு நடுவில் கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். மத்தியானச் சாப்பாட்டை உதவியாளப் பெண் கொண்டுவந்து வைத்துவிட்டு, முதலில் பெரியவருக்கு ஊட்டினாள். பிறகு அடுத்த அறையில் யாரோ கூப்பிட, இதோ வருகிறேன் என்று கைகாட்டிவிட்டுப் போனாள். அந்த அம்மா வாசலைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு தன் கையாலேயே ரொட்டியைப் பிய்த்து, அவசர அவசரமாகத் தின்ன ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரி என்னைப் பிடித்து வெளியே இழுத்து, கதவைப் பாதி சாத்தி, அதன் குறுக்கே நின்றுகொண்டாள். உதவியாளப் பெண் திரும்பி வந்தாள். இவள் நகரவில்லை. நம் மொழியிலேயே அவளிடம் வானிலையை விசாரித்தாள், குடும்பத்தை விசாரித்தாள், அவள் போட்டிருந்த செருப்பைப் புகழ்ந்தாள். அந்தப் பெண் விழித்தாள். இவள் பேசிக்கொண்டே இருந்தாள், ஆனால் நின்ற இடத்திலிருந்து ஒரு அங்குலம் அசையவில்லை. கடைசியில் அந்தப் பெண் தலையைச் சொறிந்துகொண்டு வேறு அறைக்குப் போனாள்.

எவ்வளவு நேரம் இப்படி மறித்துக்கொண்டு நிற்பாய் என்று கேட்டேன். அந்த அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்காதே. இன்னும் இரண்டு நாளில் நாம் விமானம் ஏறிவிடுவோம், அதற்குப் பிறகு யார் வந்து நிற்பார்கள் என்று கேட்டுவிட்டேன்.

உள்ளே தட்டில் கை படும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரும் நிக்க மாட்டாங்க. அப்புறம் அந்தம்மா தினமும் வாயைத் தொறக்கும்ங்க. கை இருந்தும் தொறக்கும்."

சொல்லிவிட்டுக் கதவின் குறுக்கே அப்படியே நின்றாள். நானும் அவள் பக்கத்தில் நின்றேன்.